ரேடியோ கட்டிய கக்கூஸ்

தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கிராமத்துப் பெண்கள் தங்கள் குறைகளைத் தாங்களே பேசுவதை டேப்பில் பதிவு செய்து, வாரம் கால் மணி நேரம் வானொலியில் ஒலிபரப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். அதனால் ஊர்களில் என்ன மாறியிருக்கிறது என்று நேரில் போய் விசாரித்து எழுதிக் கொடுப்பது என் வேலை.

எங்கள் பக்கத்தில் அதைப் போலப் பாழாய்ப்போன வேலை கிடையாது. நிகழ்ச்சி கேட்டீர்களா? "கேட்டோமுங்க." பிரயோசனமா? "ரொம்பப் பிரயோசனமுங்க." வீடு தேடி வந்தவளிடம் குறை சொல்வது மரியாதை இல்லையாம்! மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வயிறுதான் நிறையும், விஷயம் ஒன்றும் தேறாது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னை நார் மில்லில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று இருந்தது. பெண்களுக்கென்று கட்டி, வெள்ளையடித்த கழிப்பறை. அதற்கு முன்பு அவர்கள் தோப்புக்குள்தான் ஒதுங்க வேண்டும். ஆள் நடமாட்டம் இருந்தால் பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்தே பலர் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா இதைத்தான் எங்கள் டேப்பில் பேசியிருந்தார். வானொலியில் வந்த கொஞ்ச நாளிலேயே கட்டிடம் எழும்பிவிட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த அக்கா எங்கே என்று கேட்டேன். நார் உதறிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவீங்கள வேலைய உட்டு நிறுத்திப்போட்டாருங்க," என்றார் ஒருவர். "கொரல வெச்சே மொதலாளி கண்டுபுடிச்சுப்போட்டாருங்க."

நேரே முதலாளியிடம் போனேன். நாற்காலி போடச் சொன்னார், இளநீர் வெட்டச் சொன்னார். "ஏனுங்கம்மணி, எங்கிட்ட வந்து சொல்லியிருந்தாக் கட்டித் தந்திருக்க மாட்டேனுங்களா? ஊரு பூராக் கேக்கற மாதிரி ரேடியோவுல சொல்லோணுமுங்களா?"

அக்கா அவரிடம் பல தடவை கேட்டு அலுத்துப்போய்த்தான் எங்களிடம் வந்தார். அதைச் சொன்னேன். "மொதல்ல இளநி குடிங்க," என்றார் அவர்.

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னால், எங்கள் இயக்குநருக்குக் கழிப்பறை மட்டும்தான் காதில் விழுந்தது. எங்கள் வானொலி நிகழ்ச்சியின் நிறைவு விழாவுக்கு அந்த முதலாளியை அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலையைப் பறிச்சவருக்குப் பொன்னாடையா? அப்ப அதை அந்த அக்கா கையாலதான் அவருக்குப் போர்த்தணும். இல்லேன்னா என் அறிக்கையில அவங்க வேலை போனதுதான் முதல் வரியா வரும்!" என்று கத்திவிட்டேன். அறிக்கை, எங்கள் நிறுவனத்துக்கு நிதி தருகிறவர்களுக்குப் போவது. இயக்குநர் உடனே சம்மதித்தார்.

அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். அக்கம்பக்கத்து மில்களில் எதிலும் அவரைச் சேர்க்கவில்லை. ரேடியோவில் பேசுகிறவளை எவன் சேர்ப்பான்? என்ன முகத்தை வைத்துக்கொண்டு விழாவுக்குக் கூப்பிடுவது என்று கூசியது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். யார் யார் வருவார்கள் என்று விசாரித்துக்கொண்டு, "வாரேனுங்க," என்றார்.

கோவையில் விழா. மண்டபம் நிறையக் கூட்டம், முன்வரிசையில் வானொலிக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும். அக்கா முதலாளிக்குப் பொன்னாடையைப் போர்த்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். இறங்கிவிடுவார் என்று பார்த்தால் மைக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க மொதலாளி தங்கமான மனுசனுங்க. கக்கூசு கட்டிக் குடுத்தாருங்க. எம்மேல இருந்த கோவத்தையும் உட்டுப்போட்டு, திங்கக்கெழம வேலைக்கு வந்துரச் சொல்லிப்போட்டாருங்க." திரும்பி அவரைப் பார்த்தார். "இல்லீங்களா?"

மண்டபமே முதலாளியைப் பார்த்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆ... ஆமாங்க," என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. மனிதர் கடைசியில் மனம் மாறிவிட்டாரே!

பொள்ளாச்சி பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "அக்கா, எங்கிட்டச் சொல்லவே இல்லியே. வேலைக்கு வரச்சொல்லி அவர் எப்பச் சொன்னாரு?" என்று கேட்டேன்.

"மேடையிலதானுங்க அம்மணி. நீங்களுந்தானே கேட்டீங்க? ஆமாங்கன்னாரில்ல?"

திங்கட்கிழமை மில்லுக்குப் போனவரை யாரும் தடுக்கவில்லை.