பேண்ட் ஹாஜியாருக்கு நாங்கள் போட்ட புள்ளிகள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவைப் பிடித்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓ.எல். பரீட்சை இரண்டாம் முறையும் சரிவராமல் வீட்டோடு நின்றவள் நான். கடிதம் எழுத உட்கார்ந்தாலே மூன்றாவது வரியில் சுகம் விசாரித்து முடித்துவிடுவேன். இந்த லட்சணத்தில் அமெரிக்காவில் பேண்ட் நடத்திய ஒருவரின் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். அந்தத் தட்டுகளைப் பற்றித் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் மவுத்தாகிவிட்டார். ஒருவர் படுக்கையில் இருக்கிறார். மிச்சம் நான்தான்.

போன சனிக்கிழமை தில்லையடியிலிருந்து, படுக்கையில் இருக்கிற ஜவாத் காக்காவின் மனைவி போன் எடுத்தார். “இவருக்கு ரெண்டு நாளா ஒரே கதை. உங்கட நானாட்ட குடுத்த கசெட்டக் கேக்கணுமாம். சாப்பிடச் சொன்னாலும் கசெட், மருந்து குடிக்கச் சொன்னாலும் கசெட்” என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்து கூட்டி வருகிற பெண்ணுக்கு வேறு எப்படிக் குரல் வரும்?

என் மூத்த சகோதரரான நானாவின் அலுமாரியைத் திறந்தேன். இங்கே பள்ளிவாசல்துறையில் கடல் பக்கம் பார்த்த வீடு எங்களுடையது. எதைத் திறந்தாலும் முதலில் உப்பு மணக்கும், பிறகுதான் அந்தப் பொருள் மணக்கும். உப்பு மணத்துக்குப் பின்னால் பூச்சி உருண்டை மணம், அதற்கும் பின்னால் பழைய இசைத்தட்டு உறை மட்டையின் மணம். அந்த மட்டை மணம் வந்ததும் சிலாபம் பக்கத்துத் தென்னந்தோட்டத்து பங்களா நினைவுக்கு வந்தது. நான் அங்கே போனதே இல்லை. போகாத இடத்தின் மணம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும், அவ்வளவுதான்.

அந்தத் தோட்டத்துத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனபோது ஆக்கள் கட்டில், மேசை, கதிரை என்று வாங்கினார்கள். உப்பளத்தில் கிளார்க்காக இருந்த எங்கள் நானா ஒரு ரெக்கோட் பிளேயரையும் ஒரு பெட்டி இசைத்தட்டுகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உம்மா மூன்று நாள் நானாவோடு கதைக்கவில்லை. பெட்டியில் இருந்த அத்தனையும் ஒரே ஆளின் தட்டுகள். மட்டையில் அவர் வெள்ளைக் கோட்டுப் போட்டு, மெல்லிய மீசையோடு, பியானோவுக்கு முன்னால் கலியாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. பிழையாக எழுதி அந்த மனிதரை அவமானப்படுத்த விருப்பமில்லை.

எங்களுக்கு அவர் பேண்ட் ஹாஜியார். அந்தப் பெயரை வைத்தவர் ஜவாத் காக்கா. படத்தைப் பார்த்ததும், “இது எங்கட ஊர் ஹாஜியார் ஒருத்தர அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி இரிக்கி மச்சான். அவருக்கும் இதே மீசை, இதே சிரிப்பு. கடன் மட்டும் தர மாட்டார்” என்றாராம். இது உம்மாவின் காதில் விழுந்தது. உண்மையிலேயே ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனிதர் என்று உம்மா நினைத்துக்கொண்டார். “ஹாஜியார் எண்டா சரி. ஆனா பாங்கு சொல்ல முன்ன மூடிப் போடுங்க” என்றார். அந்தத் தப்பை நாங்கள் யாரும் கடைசி வரை திருத்தவில்லை.

ஜவாத் காக்கா மன்னார்க்காரர். வடக்கிலிருந்து எங்கள் முஸ்லிம் ஆட்களை ஒரே மூச்சில் வெளியே போகச் சொன்ன காலத்தில் வந்தவர். உடுத்த சாரத்தோடும் சட்டைப் பையில் ஒரு கசெட்டோடும் வந்தார் என்று நானா சொல்வார். முகாமில் இருந்துகொண்டே, டவுனில் ஒரு கடை வாசலில் மேசை போட்டு ரேடியோ திருத்தினார். பிளேயரின் ஊசி பழுதாகி நானா அவரிடம் போனதில்தான் சிநேகம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பஸ் ஏறி வருவார். முன்னறையில் இருவரும் இருப்பார்கள். நடுவில் சீத்தைத் துணித் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நான்.

கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு. வேறெப்படி? ஆனால் துணித் திரை சத்தத்தை மறைக்காது. தட்டு ஓடி முடிந்ததும் இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள், பத்துக்கு எத்தனை புள்ளி என்று. நானாவுக்கு ஊதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எழும்புகிற இடம் பிடிக்கும். ஜவாத் காக்கா பின்னால் இருக்கிற தடித்த தந்தி வாத்தியத்தைத்தான் கேட்பார். “அடியில நிக்கிறவன் சரியா நிண்டாத்தான் மேல நிக்கிறவன் ஆடலாம்” என்பார். ஒத்துவராவிட்டால் நானா திரைப் பக்கம் திரும்புவார். “உள்ளுக்கு என்ன தீர்ப்பு?”

நான் குரல் கொடுக்க மாட்டேன். பிளேன்டீ அனுப்புவேன். பிடித்திருந்தால் கோப்பையோடு பனங்கட்டி போகும். பிடிக்காவிட்டால் வெறும் பிளேன்டீ. யார் இந்த முறையைத் தொடங்கினார்கள் என்று ஞாபகமில்லை. அனேகமாக ஒருநாள் பனங்கட்டி முடிந்திருக்கும். அவர்கள் அதைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். “வெறும் தேத்தண்ணி வந்திரிக்கி மச்சான். ஹாஜியார் பெயில்” என்று ஜவாத் காக்கா சொல்வது கேட்கும். நான் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொள்வேன்.

ஒரே பாட்டைப் பேண்ட் ஹாஜியார் பல வருடங்களில் பல தரம் பதிந்திருந்தார். எது மேல் என்பதுதான் எங்களுக்குப் பெரிய வழக்கு. ரயில் போகிற மாதிரி ஒரு பாட்டு உண்டு. முந்திப் பதிந்தது மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி இரையும். ஆனால் ஊதுகிறவர்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் வழி விடுவார்கள். பிந்திப் பதிந்தது துப்புரவாக இருக்கும். ஆனால் பெருநாள் உடுப்புக் கசங்கிவிடும் என்று பயந்து நிற்கிறவர்கள் மாதிரி ஊதுவார்கள். முந்தியதற்கு நான் பனங்கட்டி இரண்டு துண்டு அனுப்பினேன். எனக்கு இசையில் ஒன்றும் தெரியாது. வழி விடுகிறார்களா இல்லையா என்பது யாருக்கும் கேட்கும்.

பொழுதுபட்டு மஃரிப் பாங்கு தொடங்கினால் தட்டு எந்த இடத்தில் ஓடினாலும் நானா ஊசியைத் தூக்கிவிடுவார். அதோடு கூட்டம் கலையும். பாதியில் நின்ற பாட்டை அடுத்த கிழமை பார்ப்பார்கள்.

எல்லாத் தட்டுக்கும் மேலே நாங்கள் வைத்திருந்தது ஜவாத் காக்காவின் கசெட்டைத்தான். அவர் சவூதியில் வேலை செய்த காலத்தில் அவருடைய வாப்பா மகனுக்காக மன்னார் வீட்டில் பதிந்து வைத்தது. ரேடியோவுக்கு முன்னால் கசெட் பெட்டியை வைத்துப் பதிந்ததால் வீட்டுச் சத்தமும் சேர்ந்திருக்கும். தொடக்கத்தில் ஒரு காகம் கத்தும். அதற்காக நாங்கள் புள்ளி குறைக்கவில்லை. ஏதோ ஒரு பெரிய மேடையில் பேண்ட் ஹாஜியார் வாசித்த நீண்ட உருப்படி அது. பாதிக்குப் பிறகு வளைந்த குழல் ஒன்று தனியாக ஏறும். ஏறி ஏறி ஓர் இடத்தில் இறங்காமல் நிற்கும். அந்த நிற்பின் அடியில் டொக், டொக் என்று இரண்டு தட்டு, தூரத்தில் கேட்பது போல. உடனே எல்லாம் நின்றுவிடும்.

அந்த முடிவுக்கு நானா பத்துக்குப் பத்துப் போட்டார். “இறங்கி வந்து கைதட்டு வாங்காம, உச்சியில வச்சே கதவ மூடிட்டுப் போறான் பாத்தீங்களா” என்பார். ஜவாத் காக்கா அந்த இரண்டு தட்டைத்தான் பெரிதாகச் சொல்வார். “ட்ரம் அடிக்கிறவன் மேசையில விரலால தட்டின மாதிரித் தட்டுறான். போதும், வாங்க போவம் எண்டு சொல்ற மாதிரி.” அவர் கடையிலிருந்து கொண்டு வருகிற கசெட் பெட்டியில் அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு கூட்டமும் தொடங்கும். பிறகு அவர் அந்தக் கசெட்டை நானாவிடமே கொடுத்துவிட்டார். முகாம் வீட்டில் கூரை ஒழுகும், இங்கே பத்திரம் என்று.

இடையில் ஒரு கலியாணக் கதை வந்தது, எனக்கும் ஜவாத் காக்காவுக்கும். உம்மா விரும்பவில்லை. நாளைக்கே திரும்பிப் போகிற ஆக்கள் என்றார். நானா உம்மாவின் சொல்லைத் தட்டவில்லை. எனக்குக் கற்பிட்டியில் முடிந்தது, அவருக்கு அவருடைய ஊர்ப் பெண்ணோடு முடிந்தது. அவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் கொஞ்சக் காலம் நடந்தன, பிறகு நடக்கவில்லை. ரெக்கோட் பிளேயரைக் கடலிலிருந்து வருகிற கச்சான் காற்று தின்றது. நானாவை நெஞ்சுவலி கொண்டு போனது.

கசெட் கிடைத்தது. போட்டுக் கேட்க வீட்டிலும் ஒன்றுமில்லை, ஊரிலும் ஒன்றுமில்லை. மகள்தான் கசெட்டின் மேல் நானா எழுதியிருந்த இங்கிலிஷ் பெயரைப் பார்த்துத் தன் போனில் தேடினாள். “உம்மா, இது இரிக்கி. முழுசா இரிக்கி” என்றாள். முழுசா என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். ஜவாத் காக்கா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். ஆள் பாதியாகிவிட்டார். எத்தனையோ வருடம் அவருடைய தீர்ப்பைக் கேட்டவள், முகத்துக்கு நேரே கதிரை போட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மருந்துப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள் போனைத் தலையணையில் வைத்தாள். காகம் இல்லை. “காகம் பறந்திட்டு” என்றார். குழல் ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடினார். ஏறியது, நின்றது. அவர் இரண்டு தட்டுக்காகக் காத்திருக்கிறார் என்பது தூக்கிப் பிடித்திருந்த விரலில் தெரிந்தது. தட்டு வரவில்லை. குழல் மெல்ல இறங்கியது. மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சனம் கத்திக் கைதட்டியது.

“இது வேறயா மகள்?”

“இல்ல மாமா. காகம் கத்தின அதே கச்சேரிதான். இதுதான் முழுசு.”

“அந்த இடத்தத் திருப்பிப் போடுங்க.”

மூன்று தரம் போட்டாள். மூன்று தரமும் குழல் மட்டும்தான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, “வாப்பா ரேடியோ கேக்கிறது பின்னேரத்தில. மஃரிபுக்குக் கிட்டத்தான்” என்றார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று இருந்தேன்.

“பள்ளி எங்கட பின் மதிலோட. மோதினார் பாங்கு சொல்ல முன்ன மைக்க விரலால ரெண்டு தட்டுத் தட்டுவார், கரண்ட் இரிக்கா எண்டு பாக்க. அவர் தட்ட, வாப்பா நிப்பாட்டியிரிக்கார்.”

அவருடைய மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப இவ்வளவு காலமும் மோதினாருக்கா புள்ளி போட்டீங்க?” என்றார். ஜவாத் காக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

நாங்களும்தான் ஒவ்வொரு கிழமையும் பாங்குக்கு ஊசியைத் தூக்கினோம். எங்கள் பள்ளி மோதினாரும் மைக்கைத் தட்டத்தான் செய்தார். மூன்று பேரில் ஒருவருக்கும் மூளை அந்தப் பக்கம் போகவில்லை.

மிச்சப் பாட்டு எப்படி என்று கேட்டேன். அவரிடம் நான் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி அது. “நல்லா இரிக்கி. சனம் கத்துறதுதான் கூடிப்போச்சு” என்றார். பிறகு, “கசெட்டக் கொண்டு வந்தீங்களா?” என்றார். கொடுத்தேன். நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு மகன் கொழும்பில இருந்து ஒரு கசெட் பிளேயர் கொண்டு வாறான். எனக்குப் பாட்டு வேணாம். அந்த ரெண்டு தட்டும் வாப்பா நிப்பாட்டிற சத்தமும் ஒருக்காக் கேட்டாப் போதும்.”

வடக்கில் சண்டை முடிந்து மன்னாருக்கு ஊரைப் பார்க்கப் போனபோது அவர் கண்டது கிணற்றை மட்டும்தான். வீடு நின்ற இடத்தில் உடைமரம். பழைய பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். மோதினார் முகாமில் மவுத்தானார். வாப்பா அதற்கும் முந்தி, வருகிற வழியில். ஒரு போட்டோ கூட இல்லை. இதையெல்லாம் அவர் முன்பே நானாவிடம் சொல்லி, நான் திரைக்குப் பின்னால் கேட்டவைதான். அன்றைக்குத் திரும்பச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று நாங்கள் எழும்பினோம்.

அடுத்த நாள் மகன் பிளேயரோடு வந்தாராம். பின்னேரம் போன் எடுத்துச் சொன்னார்கள். கசெட் ஓடுகிறது, காகம் கத்துகிறது, குழல் ஏறுகிறது. அது உச்சியில் நிற்கிற இடத்தில் வெறும் இரைச்சல், இரண்டு தட்டும் கேட்கவில்லையாம். நாங்கள் எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்திக் கசெட்டை வெளியே எடுத்து வைப்போம். நாடாவின் அந்தத் துண்டுதான் இத்தனை வருடமும் கசெட்டின் வாயில் திறந்தபடி உப்புக் காற்றில் இருந்திருக்கிறது. அதில் மட்டும் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்ததாம்.