தங்கைக்குச் சொன்ன கியர்

இரும்புலியூரில் குடியிருக்கும் வேதியியல் ஆசிரியை செல்வமேரிக்கு முப்பத்தெட்டு வயதில்தான் மேடுபள்ள மண்தடத்தில் ஓட்டும் டர்ட் பைக் மேல் ஆசை வந்தது. அதுவரை ஸ்கூட்டி மட்டுமே ஓட்டியவள். குமரவேல் என்பவர், மாடம்பாக்கத்தைத் தாண்டி, மனை போட்டும் விற்காமல் கிடந்த தன் குடும்ப நிலத்தில் சனிக்கிழமைகளில் கற்றுக்கொடுத்தார்.

“டீச்சர், கிளட்ச்ச மொத்தக் கையால புடிக்காதீங்க, ரெண்டு விரல் போதும். மெதுவா விடுங்க. வண்டி லேசா இழுக்கும் பாருங்க, அங்கயே நிறுத்தி ஆக்சிலரேட்டர் குடுங்க.”

அந்த ‘அங்கயே’ எங்கே இருக்கிறதென்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. வண்டி உறுமும், ஒரு குதி குதிக்கும், அணைந்துவிடும். ஒரு மழைக்காலம் முழுக்கச் சேற்றில் விழுந்தாள். முழங்கைத் தோல் உரிந்தது. கடைசியில் ஒருநாள், வண்டி அணையாமல் ஒரு சுற்று முழுதாக வந்தபோது, அங்கிருந்த எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

சந்தோஷம் தாங்காமல் தங்கை சாராளிடம் சொன்னாள். மேடவாக்கத்தில் இருந்த சாராள் ஐடி வேலைக்காரி. “நானும் வரேன்க்கா” என்று அடுத்த வாரமே வந்துவிட்டாள். இரண்டு முறை வண்டி அணைந்தது. மூன்றாம் முறை கிளம்பியவள் மதியத்துக்குள் மூன்றாவது கியரில் பறந்தாள்.

“இன்னா டீச்சர், தங்கச்சிக்குக் கூடவே பொறந்த மாதிரி வருது!” என்றார் குமரவேல்.

செல்வமேரி சிரித்தாள். ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. சர்ச் பாடகர் குழுவிலும் இப்படித்தான். இவள் மாதக்கணக்கில் பாடிப் பழகிய பாட்டைச் சாராள் கேட்ட மாத்திரத்தில் பாடினாள். கிறிஸ்துமஸ் தனிப்பாட்டு அவளுக்குப் போனது. இப்போது சாராள் ஓட்டும் வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள், ஒரு வார்த்தைகூடப் போடவில்லை.

பிப்ரவரியில் புதியவர்களுக்கென்று ஒரு சின்னப் பந்தயம் வைத்தார்கள். அதற்காகக் கடைக்கோடியில் செங்குத்தாக ஒரு மண்மேடு குவித்திருந்தார்கள். வேலை நெருக்கடியில் முந்தின வாரம் வராத சாராள் அதில் ஏறிப் பார்த்ததில்லை.

“அக்கா, அந்த மேட்டுக்கு எந்த கியர்?”

செல்வமேரிக்குத் தெரியும். செகண்டில் வேகமெடுத்து வந்து ஏற வேண்டும். ஃபர்ஸ்ட்டில் போனால், ஆக்சிலரேட்டரைத் திருகியதும் முன்சக்கரம் தூக்கிவிடும்.

“ஃபர்ஸ்ட்டு” என்றாள்.

பந்தயத்தில் அவளுக்கு முன்னால் போன சாராள் மேட்டடியில் ஃபர்ஸ்ட்டுக்குக் கியரைக் குறைத்தாள். பாதி ஏற்றத்தில் வண்டி நெட்டுக்குத்தாக எழும்பிப் பின்னால் சாய்ந்தது. அவள் உருண்டு விழ, இடது மணிக்கட்டின் மேல் வண்டி விழுந்தது. பக்கவாட்டில் செகண்டில் ஏறிய செல்வமேரி அதைப் பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கு உண்மையாகவே இனித்தது. மறுபக்கம் இறங்கிய பிறகும் வேகத்தைக் குறைக்கவில்லை. அடுத்த வளைவில்தான் பிரேக் பிடித்தாள். வண்டியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள்.

தாம்பரத்து ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

“நான் தெரிஞ்சேதான் தப்பா சொன்னேன், சாரா.”

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீ சொன்னியேன்னு போட்டேன். ஏன்க்கா?”

“உனக்கு எல்லாமே வந்துடுது. எனக்கு இது ஒண்ணுதான் வந்துச்சு.”

சாராள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு பல வாரங்கள், பள்ளி விட்டதும் மேடவாக்கம் போய் அக்காதான் அவளுக்குத் தலை வாரிப் பின்னினாள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருநாள் சாராளே, “இறுக்கிப் பின்னாதக்கா, வலிக்குது” என்றாள். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது.

கட்டுப் பிரித்துக் கை தேறிய பின் சாராள் மறுபடி மைதானத்துக்கு வந்தாள். முதலில் கிளட்ச்சைப் பிடிக்கவே பலமில்லை. செல்வமேரி வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள், பதமாகச் சொல்லிக்கொடுத்தாள். வெயில் தாழ்வதற்குள் தங்கை வண்டியோடு அந்த மேட்டைத் தாண்டிக் குதித்து இறங்கினாள்.

செல்வமேரிக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே கைதட்டினாள்.