பஞ்சாரத்துக்குள் ஆறுமணிக்குருவி

சென்ற வாரம் எங்கள் வீட்டுப் பால்கனிக் கண்ணாடியில் ஒரு குருவி மோதி விழுந்தது. எட்டு வயது மகள் அதை எடுத்து, செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். "தொற, இப்பவே தொற" என்று நான் கத்திய கத்தலில் பிள்ளை அழுதேவிட்டாள். பெட்டியைத் திறந்ததும் குருவி பறந்துவிட்டது. அவள் மேல் தவறே இல்லை. அவள் வயதில் நான் செய்ததை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது அன்னூர்ப் பக்கம் தோட்டத்தில் இருந்தோம். அந்த ஐப்பசியில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை. ஆடியில் வந்திருந்தபோது அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்திருக்கிறேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏழாம் மாதத்திலேயே குழந்தை வயிற்றுக்குள் இறந்துபோயிருந்தது. எனக்குச் சொன்னது, "அத்தைக்கு ஒடம்பு சரியில்லை" என்பது மட்டும்தான். வளைகாப்புக்கு வாங்கிய வளையல்களை அம்மா கூரைக்குக் கீழிருந்த அட்டாலியில் ஏற்றிவைத்ததைப் பார்த்தும் நான் எதுவும் கேட்கவில்லை. பாப்பா எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

அந்த வாரம்தான் மாட்டுக்கொட்டகை ஓரம் ஓர் ஆறுமணிக்குருவி சோர்ந்து கிடந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு.

"ஏனுங்மா, இது எங்கிருந்துங்க வந்துச்சு?"

அடுப்படியில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கென்ன தெரியும் அம்மணி? அதும் பொறந்த ஊட்டுக்கு வந்திருக்கும். போய்ப் படி."

அந்தக் குருவி எங்கள் சீமையில் பிறப்பதே இல்லை. நடு இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில்தான் அது கூடு கட்டும். காய்ந்த இலையும் வேரும் சேர்த்து, பக்கத்தில் வாசல் வைத்து, பந்துபோலப் பெரிய கூடு. பனிக்காலத்தைத் தாண்டத்தான் நம் புதர்களுக்கு வருகிறது. இதெல்லாம் வெகுகாலம் கழித்துப் படித்தது. அன்று அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் வைக்கோல் பரப்பி, குருவியை விட்டு மூடி, மேலே கல் வைத்தேன். மண்புழு தோண்டிப் போட்டேன். காலையும் மாலையும் முட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.

மூன்றாம் நாள் அது புழுவைத் தொடவில்லை. மூங்கிலில் மோதி மோதி அலகோரம் ரத்தம். அறையைவிட்டு வெளியே வராத அத்தை, அந்தச் சத்தத்துக்கு எழுந்து வந்தாள்.

"என்ன கண்ணு பண்றே?"

"முட்டை போடுமுங்க அத்தை. அதும் உங்களாட்டப் பொறந்த ஊட்டுக்கு வந்திருக்குதுங்க. போட்டதுக்கப்புறம்தான் உடோணும்."

அத்தை கல்லைத் தள்ளிப் பஞ்சாரத்தைத் தூக்கினாள். குருவி அசையவில்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அத்தை தரையில் குந்தி, "போ சாமி, போயிரு" என்றாள். அது தத்தியது. சருகுக்குள் இறங்கியது. புதருக்குள் மறைந்தது.

"உங்களாலதானுங்க! இனி வேற எங்கியாவது போய்ப் போட்டுரும்!"

"போடட்டும் கண்ணு. எங்கியோ ஒரு பக்கம் உசுரோட இருந்தாச் சரி."

சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். முட்டை கைதவறிப் போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு பெரியவள் அழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் கோபத்தை விட்டுவிட்டு, பெரிய மனுஷிபோல அவள் முதுகைத் தடவினேன்.

"அழுகாதீங்க அத்தை. அடுத்த வருசம் வருமுங்க."

அழுகை இன்னும் பெரிதானது. நான் சொன்னது காதில் விழவில்லை போலும் என்று, மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னேன்.