கோயில்குட்டியின் பாவம்

சங்கரன்கோவில் வேதக்கோயிலில் மணியடித்து, பெருக்கி, விளக்கேற்றி வந்த பிரபுதாஸுக்கு வயது ஐம்பதைத் தாண்டியும் ஊரார் சொன்ன பெயர் கோயில்குட்டி. மணியடிக்கிறவருக்கு நெல்லைச் சீமை வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், வைத்த பெயர் அது. தலை வழுக்கையானாலும் குட்டி குட்டிதான். பிழைப்புக்குக் கொஞ்சம் பருத்திக் காடும் உண்டு. மனுஷர் தங்கம். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. நற்கருணை நாளில் சபையே பீடத்தண்டை முழங்காலில் நின்று அப்பம் வாங்க, இவர் மட்டும் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

காரணம் ஒரு மழை. நாற்பத்துநாலாம் வருஷம் ஐப்பசியில், பட்டப்பகலில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெருமாள்சாமிக் கோனார் ஆட்டு மந்தையோடு கோயிலுக்கு ஓடிவந்து, "அண்ணாச்சி, குட்டிகளை மட்டுமாவது உள்ள விடும்" என்று கெஞ்சினார். அன்று காலையில்தான் பிரபுதாஸ் தரையைக் கழுவி விட்டிருந்தார். "புழுக்கை போட்டு நாறடிக்கவா? போம்வே!" என்று கதவைச் சாத்தினார். ஒன்பது குட்டிகள் விறைத்துச் செத்தன. அடுத்த நற்கருணையில் பாதிரி ஐயர் இயேசுவை "தேவ ஆட்டுக்குட்டி" என்று சொன்னதும் பிரபுதாஸுக்குச் செத்த குட்டிகள் கண்முன் வந்தன. அன்றைக்கு எழுந்து வாசலுக்குப் போனவர்தான்.

கோனாரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. பதிலாக ஒரு பெட்டையாட்டை வளர்த்து, அது போட்ட குட்டிகளில் வருஷத்துக்கு ஒன்றைக் கோனார் மந்தையில் யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிடுவார். கோனார் ஆடுகளுக்குக் காதில் ஒரு வெட்டு அடையாளம் உண்டு. அதேபோல் தானும் வெட்டிவைப்பார். களவாகக் கொண்டுபோகிறவனைத்தான் ஊர் பார்த்திருக்கிறது, களவாகக் கொண்டுவந்து விடுகிறவரைப் பார்த்ததில்லை. ஒன்பதும் சேர்ந்த பிறகுதான் பீடத்தண்டை போவது என்று சபதம். ஐம்பத்தொன்றில் ஆறு சேர்ந்திருந்தது.

அந்த வருஷம் மகள் தேவமணிக்கு, நற்கருணை வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தல் சடங்கு நடந்தது. அடுத்த ஞாயிறு அவளுக்கு முதல் நற்கருணை. அதற்கு முன்கூட்டியே, ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

"நீங்க பக்கத்துல முழங்கால் போடலேன்னா நானும் பேர் குடுக்க மாட்டேம்ப்பா" என்றாள்.

அப்பன் பிடிவாதம் மகளுக்கு வராமல் எங்கே போகும்? தன் பாவம் பிள்ளை தலையில் விடிகிறதே என்று பிரபுதாஸ் கலங்கிப்போனார். பெயர் கொடுக்கக் கடைசி நாள் காலையில், கோனார் ஆடு மேய்த்த கரிசல் காட்டுக்கு நடந்தார்.

"கோனாரே, அந்த ஒன்பது குட்டியும் என் பாவம்வே. ஆறு விட்டுட்டேன். இன்னும் மூணு..."

கோனார் சிரித்த சிரிப்பில் ஆடுகள் தலை தூக்கின. "இடையனுக்குத் தெரியாத ஆடாவே? நான் இடக்காதுல வெட்டுதேன், நீரு வலக்காதுல வெட்டிருக்கீரு!"

"அப்போ, கோவம் இல்லியா?"

"இல்லாம? ரெண்டு மாசம் மண்ணள்ளித் தூத்துனேன். பொறவு, வழியில என்னயக் கண்டா நீரு ஓடைக்குள்ள எறங்கி ஒளியுததப் பாத்தேன். ஐயோ பாவம்னு விட்டுட்டேன். அந்தக் கோடையிலேருந்தே வருசாவருசம் உம்ம காட்டுல ரெண்டு நாள் சும்மா கிடை போடுதேன். ஆட்டெரு இல்லாமயா பருத்தி அப்படி வெடிக்கு?"

கோடையில் காட்டுப்பக்கம் எட்டிப் பார்க்காத பிரபுதாஸ், அது தன் தவத்துக்குக் கர்த்தர் தந்த விளைச்சல் என்றல்லவா நம்பியிருந்தார்! அவர் முதல் குட்டியை விடுவதற்கு முன்பே எரு விழுந்திருக்கிறது. பாவம், பாவம் என்று ஏழு வருஷம் அவர் சுமந்த அதே சொல்லை, கோனார் இரக்கப்பட்டுச் சொல்லி என்றைக்கோ இறக்கி வைத்துவிட்டார். வரப்பில் உட்கார்ந்து அழுதார். நெஞ்சு லேசாகிற அழுகை. அப்படியே நேரே போய் உபதேசியாரிடம் இரண்டு பெயர் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பக்கத்தில் முழங்காலில் நின்றார். ஐயர் "ஆட்டுக்குட்டி" என்றபோது எழுந்து ஓடவில்லை. வெறுங்கையை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டார். ஆராதனை முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. சபை மணிச்சத்தத்துக்குக் காத்திருந்தது. தேவமணி முழங்கையால் இடித்தாள்.

"அப்பா, மணி!"

"இருக்கட்டும் மக்கா" என்றார் பிரபுதாஸ். "இன்னைக்கு வேற யாராவது அடிக்கட்டும்."