இருக்கறதுலயே வேகமான டிஸ்க்

கம்ப்யூட்டர் கடைக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. மெஷினோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வருவார்கள். பீளமேட்டில் ஒரு கடையில் ஒன்பது வருஷமாக ஹார்ட் டிஸ்க் விற்கிறேன். ஆன் செய்துவிட்டுத் திரையில் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சுத்துனாத்தான் வேகம்

காங்கேயத்திலிருந்து ஓர் எண்ணெய் மில்காரர் வந்தார். "நிமிஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுத்து சுத்தற டிஸ்க் வேணுங்க" என்றார். மருமகன் சொல்லி அனுப்பியிருந்தாராம். அதைவிட வேகமானது என்று எஸ்எஸ்டியை எடுத்துக் கொடுத்தேன். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே மோட்டாரே இல்லை, எதுவும் சுற்றாது என்றதும் முகம் மாறிவிட்டது.

கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டர்களை ஒன்றாக ஆன் செய்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் எஸ்எஸ்டி போட்டது தயாராகிவிட்டது. வாங்கிக்கொண்டார். ஆனாலும் வாசல் வரை போய்த் திரும்பினார்: "வேகந்தானுங்க, ஒத்துக்கறேன். சுத்தாத மெஷினு ஓடுதா நின்னுபோச்சான்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

டீ நேரம்

சாந்தி வீட்டிலேயே ஜாக்கெட்டுக்கு எம்பிராய்டரி டிசைன் போடுகிறவர். அவருடைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகும். டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் போன் வந்தபோது ரிப்பேர் என்றே பயந்தேன். "ரிப்பேரெல்லாம் இல்லீங்க அம்மணி. அது ஆன் ஆகறதுக்குள்ள உக்காந்து ஒரு டீ குடிப்பேன், இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிப்போட்டீங்களே!"

நான் கேட்காத கேள்வி

மேரி, அனிமேஷன் படிக்கும் பெண். ஊர் சத்தியமங்கலம் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். "இருக்கறதுலயே வேகமானது எதுங்கக்கா?" என்று கேட்டாள். திங்கட்கிழமை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்றாள். மதர்போர்டிலேயே நேராகச் செருகுகிற புது ரகத்தைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி, சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். திறந்து பார்த்தேன். பழைய போர்டு; அந்த டிஸ்க்கைச் செருக இடமே இல்லை. என்ன போர்டு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கூசிப் போனேன். ஒயர் போட்டு மாட்டுகிற எஸ்எஸ்டியாக மாற்றிக் கொடுத்து, பழைய டிஸ்க்கில் இருந்த அவளுடைய ஃபைல்களை அதற்கு ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில் பழையது 'டக், டக்' என்று அடிக்கத் தொடங்கியது. அது சாகப் போகிற சத்தம் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் சொன்னேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசி ஃபைலும் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உன்னை அலைய வெச்சுட்டேன் கண்ணு, தப்பு என்மேலதான்" என்றேன். அவள் சிரித்தாள். "உடுங்கக்கா. நேத்தே அது உள்ள போயிருந்தா, ஃபைலெல்லாம் பழசுலயேதான் கெடந்திருக்கும். பழசு இந்த நெலமையில கெடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க."

இப்போதெல்லாம் வேகமான டிஸ்க் எது என்று யாராவது கேட்டால், என்ன போர்டு, பழைய டிஸ்க் எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடிக்கிறது.