பக்கத்து பிளாக் லிஃப்ட்

தாம்பரத்தில் நடந்த தலைமைப் பண்புப் பயிற்சியில் போன வருடம் சேர்ந்தேன். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும், சனிக்கிழமைதோறும் வகுப்பு. முடிவில் ஒவ்வொருவரும் ஒரு பொதுப் பிரச்சினையைத் தீர்த்து, 'முன்', 'பின்' என்று இரண்டு படம் காட்ட வேண்டும்.

பெரும்பாக்கம் பக்கம் ஒரு குடியிருப்பில் ஓடாத லிஃப்டை எடுத்துக்கொண்டேன். ஏழாவது மாடியில் இருக்கும் செல்வி அக்கா முட்டிவலியோடு படியேறுவதைப் படம் எடுத்தேன். பராமரிப்பு ஆபீசில் ஒரு மனு கொடுத்தேன். அதோடு சரி, மறுபடி போய்க் கேட்கவே இல்லை.

கடைசி வாரம் 'பின்' படத்துக்கு வழியில்லை. பக்கத்து பிளாக்கில் லிஃப்ட் ஓடியது. அக்காவை அதன் முன்னால் நிறுத்தினேன்.

"இது எங்க பிளாக் இல்லியே சார்?"

"சும்மா போட்டோக்குத்தான்க்கா. கொஞ்சம் சிரிங்க."

"இத்தக் காட்டுனா எங்களுதையும் ரெடி பண்ணிடுவாங்களா?"

"பண்ணிடுவாங்க" என்றேன். அக்கா நம்பி, வாய்நிறையச் சிரித்தார்.

சிறந்த தலைவர் விருது எனக்குத்தான். எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தப் படத்தை ஃபேஸ்புக்கிலும் போட்டார்கள்.

போன வாரம் அக்கா போன் செய்தார்.

"லிஃப்ட் இன்னும் ஓடல சார். ஆபீஸ்ல போய்க் கேட்டா, உங்க போட்டோவக் காட்டி, 'அதான் சிரிச்சிகினு நிக்கிறியே, இன்னும் இன்னா?'ன்றாங்க. நான் இன்னா சொல்லட்டும் சார்?"

மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி போனை வைத்தேன். மீட்டிங் எதுவும் இல்லை. ஹாலில், விருதுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு எதிராக நான் உண்டாக்கிய ஒரே சாட்சி, அவருடைய சிரிப்பு.