நஞ்சி மூன்று தரம் கூப்பிட்டாள்

இப்போதெல்லாம் யாருடைய குரலை யார் பிடித்து வைத்துக்கொள்வது என்று ஒரு வரைமுறையே கிடையாது. சாவு வீட்டுக்குப் போனால், அழுகிறவளின் வாய்க்கு நேராக செல்போனை நீட்டுகிறார்கள். செத்து ஆறு மாசம் ஆன அப்பன் பேசினதை டவுன் பஸ்ஸில் சத்தமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறான் ஒருத்தன். பக்கத்து சீட்டுக்காரன் கடலை தின்கிறான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் வந்து நின்றால் என்ன செய்வது என்று எவனும் யோசிப்பதில்லை.

இது நடந்த சங்கதி. கதை என்று நினைக்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை. நடந்தது 1959-ல், ஐப்பசி மழையில். நடந்தது மாசிலாமணி உபதேசியாருக்கு. பேய் என்றால் நடுராத்திரி என்பார்கள். இது விளக்கு வைக்கிறதற்கு முன்னால், ஒரு ஊரே பார்த்திருக்க நடந்தது.

மாசிலாமணி போத்தனூர்ப் பக்கம் ஒரு மிஷனில் சம்பளத்துக்கு இருந்தவர். கோயில் பாதிரியாரை அங்கே ஐயர் என்பார்கள். அவருக்குக் கீழே ஊர் ஊராகப் போய் வேதம் சொல்கிறவர் உபதேசியார். பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, காட்டுக்குள் இருக்கிற இருளர் ஊர்கள் மாசிலாமணியின் பங்கு. அந்த ஊர்களைப் பதி என்பார்கள். முறை வைத்து ஒவ்வொரு பதிக்கும் ஜீப்பில் போவார். காய்ச்சல் மருந்து, பால்பவுடர், வேதப் படங்கள், ஒரு கிராமபோன் பெட்டி.

ஜீப்பை ஓட்டியவன் கோட்டைமேட்டு சிக்கந்தர். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஒரு பேச்சு விடுவான். "உங்க கர்த்தரு நானே வழின்னு சொல்லிப்போட்டாருங்க. அந்த வழிக்குக் கொஞ்சம் கல்லும் போட்டுக் குடுத்திருக்கலாம்." மாசிலாமணி சிரித்துக்கொள்வார். நல்ல மனுஷர்தான். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. நல்லவர்கள் செய்கிற தப்புதான் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது.

மலைக்காரர்களுக்குத் தமிழில் சொன்ன பிரசங்கம் ஏறவில்லை. அவர்கள் பேச்சிலேயே வேதத்தைக் கிராமபோன் தட்டில் பிடித்துப் போட்டுக் காட்டினால் என்ன என்று ஐயருக்கு ஒரு யோசனை வந்தது. அதற்கு ஆள், வேங்கைமரத்துப் பதி நஞ்சி. சந்தைக்குத் தேனும் சீமாறும் கொண்டுவந்து விற்கிறவள். தமிழ் நன்றாக வரும். புருஷன் இல்லை. மருதி என்று நாலு வயசில் ஒரு பெண். பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, மாசி மாதம் ஒரு நாள் வேலை என்று போத்தனூருக்கு வந்தாள்.

மாசிலாமணி ஒரு வரி தமிழில் சொல்வார். அதை அவள் தன் பேச்சில் சொல்வாள். இயந்திரம் பிடித்துக்கொள்ளும். இருமினால் மறுபடி. காக்கை கத்தினால் மறுபடி. ஒரு நாள் மூன்று நாள் ஆயிற்று. பிள்ளை தேடும், பிள்ளை தேடும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இதோ முடிந்தது என்று இவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஜீப்பில் கொண்டுபோய் காட்டு செக்போஸ்ட்டில் இறக்கினார்கள். அங்கிருந்து பதிக்கு ஆறு மைல். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

"பதி வரைக்கும் உட்டுருங்க சாமி. ஆனை எறங்குற நேரம்" என்றாள்.

போகலாம் என்றான் சிக்கந்தர். மாசிலாமணிதான் வேண்டாம் என்றார். விடிந்தால் ஞாயிறு. பாட்டுக்காரப் பிள்ளைகள் அன்று ராத்திரி பாட்டுப் பழகக் கோயிலில் காத்திருப்பார்கள்.

"கர்த்தர் உன்கூட வருவாரு. போ அம்மணி" என்றார்.

அவள் மைல்கல் பக்கத்தில் நின்றாள். ஜீப் திரும்புகிற வரைக்கும் நின்றாள்.

பிடித்த குரல் கப்பலேறிப் போய், தட்டாகத் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் மாசிலாமணி வேங்கைமரத்துப் பதிக்குப் போகவில்லை. போகாததற்குக் காரணம் ஒவ்வொரு முறையும் ஒன்று கிடைத்தது. ரோடு சரியில்லை. காய்ச்சல். வேறு பதியில் ஞானஸ்நானம். தட்டு வந்ததும் ஐயர் விடவில்லை. முதலில் அவள் பதியிலேயே போட்டுக் காட்டுங்கள், சந்தோஷப்படுவாள் என்று அனுப்பினார்.

போய்ச் சேரும்போது பிற்பகல். தூறல். பிள்ளைகள் ஜீப்பைச் சுற்றி ஓடிவந்தார்கள். பெரியவர்கள் வரவில்லை. வாசல்களிலேயே நின்றார்கள். பதிக்குத் தலைவன் மூப்பன். அவன் மட்டும் இறங்கி வந்து, ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். பின்சீட்டைப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

"நஞ்சி எங்கே சாமி?"

மாசிலாமணிக்கு விளங்கிற்று. அவள் வந்து சேரவே இல்லை. எட்டு மாதமாக இந்த ஜனங்கள், நஞ்சி மிஷனில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மை வாய் வரைக்கும் வந்தது. சுற்றிலும் நிற்கிற முகங்களைப் பார்த்தார். அந்த உண்மையை விழுங்கினார்.

"போத்தனூர்ல இருக்கா. ஆஸ்பத்திரியில வேலை. நல்லா இருக்கா."

நஞ்சியின் தங்கச்சி மூஞ்சியை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். சிக்கந்தர் திரும்பிக்கொண்டான். கந்தையை எடுத்து பானெட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

மூப்பன் அப்புறம்தான் மனசு திறந்து பேசினான். பொழுது சாய்ந்தால் ஓடைக்கு அந்தாண்டை ஒரு குரல் வருகிறதாம். நஞ்சி குரல் மாதிரியே. மருதி பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறதாம். ஒரே ஒரு தரம்.

"ஒரு தரம் கூப்பிட்டா நாங்க போறதில்லை சாமி. உசுருள்ள மனுசன் மூணு தரம் கூப்பிடுவான். செத்த குரலுக்கு ஒரு தரத்துக்கு மேல தெம்பு கிடையாது."

அதனால் பொழுது இறங்கும் முன்னமே பிள்ளையைக் குடிசைக்குள் விட்டுப் படலைக் கட்டிவிடுவார்களாம். எட்டு மாதமாக ஒரு நாள் தவறவில்லையாம். இப்போது நஞ்சி உயிரோடு இருக்கிறாள் என்று உபதேசியாரே சொல்லிவிட்டார். அப்படியானால் அது ஏதோ பறவை.

மூப்பன் தானே போய்ப் படலை அவிழ்த்தான். பிள்ளை வெளியே வந்தது.

மாசிலாமணி வாயைத் திறந்தார். மூடினார். கிராமபோன் பெட்டியைத் திறந்தார்.

மிஷனில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தட்டையும் பதியில் மூன்று தரம் போடவேண்டும். முதல் தரம் ஜனங்கள் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் தரம் பின்னால் ஆள் ஒளிந்திருக்கிறானா என்று தேடுவார்கள். மூன்றாம் தரம்தான் காது கொடுத்துக் கேட்பார்கள். வருஷக்கணக்கில் கண்ட பழக்கம். கை அதன்பாட்டுக்குச் செய்தது.

சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார்.

கர்... கர்...

நஞ்சி பேசினாள். பாரம் சுமந்து அலுத்துப் போனவங்களே, எல்லாரும் எங்கிட்ட வாங்க.

பதியே சிரித்தது. மருதி பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தது.

இரண்டாம் தரம் போட்டார். தங்கச்சி பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள். நாய்கள் நாலும் எழுந்து வந்து வட்டத்துக்குள் நின்றன.

மூன்றாம் தரம். எங்கிட்ட வாங்க... எங்கிட்ட வாங்க...

நாய்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. ஓடைப் பக்கம் திரும்பியிருந்தன. குலைக்கவில்லை. உறுமவில்லை.

வாலை ஆட்டின.

"மூணு தரம் கூப்பிட்டுட்டா" என்றான் மூப்பன் நிறைந்த மனசோடு. "உசுரோடதான் இருக்கா."

மாசிலாமணி ஊசியைத் தூக்கினார். பெட்டியை மூடினார். தூறல் நின்றிருந்தது. சுவர்க்கோழிச் சத்தம்கூட இல்லை. அப்படி ஒரு அமைதி.

ஓடைக்கு அந்தாண்டை...

மருதி.

கரகரப்பு இல்லை. பெட்டிக் குரல் இல்லை. தொண்டையிலிருந்து வருகிற குரல்.

யாரும் அசையவில்லை. ஒரு தரம்தானே. ஒரு தரம்தான் வரும்.

மருதி...

தங்கச்சி சிரிப்பை நிறுத்தினாள். சிக்கந்தர் உதடு மட்டும் அசைந்தது. கலிமா சொல்கிறான்.

மாசிலாமணிக்குத் தெரியும். அங்கே இருக்கிறவர்களில் அவருக்கும் சிக்கந்தருக்கும் மட்டும் தெரியும். பிள்ளையைப் பிடியுங்கள் என்று சொல்லவேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அந்த ஒரு மூச்சு நேரம் அவர் பேசாமல் இருந்தார்.

மருதி... வா...

மூன்று.

பிள்ளை ஓடிற்று.

அம்மா என்றுகூட அது கத்தவில்லை. பழகின வழியில் போகிறது மாதிரி போயிற்று. ஓடை மூங்கில் இரண்டு பக்கமும் விலகிற்று. மூடிற்று.

நாய்கள் திரும்பி வந்து படுத்துக்கொண்டன.

அப்புறம்தான் மாசிலாமணி கத்தினார். ஓடினார். ஓடையில் விழுந்து முழங்கால் கிழிந்தது. பதியே பந்தம் கொளுத்திக்கொண்டு பின்னால் வந்தது. மூங்கிலுக்கு அந்தப் பக்கம் ஈர மண். மிதித்த தடம் ஒன்றும் இல்லை. பிள்ளை தடமும் இல்லை. மழை கொட்டத் தொடங்கி, பந்தங்களை அணைத்தது. காட்டிலாகா ஆட்களைக் கூட்டி வருவோம் என்று சிக்கந்தர் அவரைத் தூக்காத குறையாக ஜீப்பில் போட்டுக்கொண்டு கீழே விட்டான்.

செக்போஸ்ட்டில் காவலுக்கு இருந்தவர் அழகிரிசாமி. ஆடி மாதம்தான் அங்கே மாற்றலாகி வந்தவர். நஞ்சியைக் கண்ணால் கண்டதில்லை. ஜீப் வெளிச்சத்தைப் பார்த்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு, சலித்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க உபதேசியாரே, இத்தனை நேரமாங்க? புள்ளை காத்திருந்து தூங்கிப்போச்சு."

உள்ளே கயிற்றுக் கட்டிலில், சாக்குக்குக் கீழே, மருதி.

மாசிலாமணி அதன் காலைத் தொட்டுப் பார்த்தார். ஆறு மைல் காடு. கொட்டுகிற மழை. பிள்ளையின் பாதத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

யார் கொண்டுவந்தது என்று சிக்கந்தர் கேட்டான்.

"இந்தப் புள்ளை ஊட்டுப் பொம்பளைதானுங்க. நான் விளக்குக் கண்ணாடி தொடச்சிட்டிருந்தேன். தூக்கிட்டு வந்து அந்த மைல்கல் மேல உட்கார வெச்சா."

விளக்குக் கண்ணாடி துடைக்கிற நேரம் என்றால் இருட்டுகிறதற்கு முன்னால். அந்த நேரத்தில் மேலே, பதியில், மூன்றாம் தரம் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"ஏதாச்சும் சொன்னாளா?" என்றான் சிக்கந்தர்.

"சொன்னாளுங்க. நஞ்சி போத்தனூர் ஆஸ்பத்திரியில வேலையா இருக்கான்னு உபதேசியார் சொல்லிப்போட்டாரு, இந்தப் புள்ளையை அவகிட்டக் கொண்டுபோய் உடச் சொல்லுங்கன்னா. மழையில நிக்காதே, உள்ளே வா அம்மணின்னேன். ஆளைக் காணோம். இதுல பாருங்க, நான் நனைஞ்சு நிக்கறேன். அவ சீலையில ஒரு சொட்டு ஈரம் இல்லை."

சிக்கந்தர் படியில் உட்கார்ந்துவிட்டான்.

விடிந்ததும் பிள்ளையை மேலே கொண்டுபோனார்கள். ஜீப்பில் மருதி மாசிலாமணியின் மடியில் இருந்தது. பாதி வழியில் அவர் முகத்தைப் பார்த்து, "போத்தனூரு இன்னும் தூரமா?" என்று கேட்டது. பதியில் இறங்கியதும் அவர் உண்மையைச் சொன்னார். எல்லாருக்கும் முன்னால், இறக்கிவிட்ட இடம், நேரம், அவள் கேட்டது, தான் சொன்னது, ஒன்று விடாமல் சொன்னார். அடிப்பார்கள் என்று நினைத்தார். அடித்திருக்கலாம்.

மூப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாசியிலேயே சொல்லியிருந்தா தேடியாவது இருப்போம். எலும்பு கிடைச்சிருக்கும். கல்லு நட்டிருப்போம். அவ இப்படி நின்னுட்டிருக்க மாட்டா."

அன்றைக்கே கல் நட்டார்கள். எலும்பு அதற்கப்புறமும் கிடைக்கவில்லை.

போத்தனூரில் ஐயர் பொறுமையாகத்தான் கேட்டார். படித்த மனுஷர். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். விறகு பொறுக்கப் போன யாரோ ஒருத்தி, குறுக்குப் பாதையில் பிள்ளையைத் தூக்கி வந்திருப்பாள். காவல்காரர் கொஞ்சம் போட்டிருப்பார், நேரம் குழம்பியிருக்கும். காட்டில் குரல் எதிரொலிக்கும்.

மாசிலாமணி ஒன்றே ஒன்று கேட்டார். "நான் மேலே சொன்ன பொய், கீழே அழகிரிசாமிக்கு எப்படிங்க ஐயரே தெரிஞ்சுது?"

சிக்கந்தர் சொல்லியிருப்பான் என்றார் ஐயர். சிக்கந்தர் என் பக்கத்தை விட்டு நகரவில்லை என்றார் இவர். ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தோளில் கை வைத்து, உம்மேல் ஒரு குற்றமும் இல்லை, காட்டில் ஆயிரம் அபாயம், கர்த்தர் மன்னிப்பார், முழங்கால் போடும், ஜெபிப்போம் என்றார்.

ஐயர் முழங்கால் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கிராமபோன் பெட்டியின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டி நடந்தார். பின்னால் ஜெபம் கேட்டுக்கொண்டிருந்தது. மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் ஒரு சொல்லையும் அவர் நம்பவில்லை.